வேலை பாதியில் நின்ற ஊர்

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய உரோம ஊரான பொம்பெயில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, அங்கே செத்தவர்களின் அச்சாகக் கிடைத்த அந்த மனித உருவங்களைப் பற்றித்தான், அப்புறம் "புதையல் ஏதாவது அகப்பட்டதா" என்று. என் வேலை இரண்டோடும் சேராது. நான் சுவர் பார்க்கிற ஆள். பழைய கட்டடங்களைச் சிமெண்ட் தொடாமல் சுண்ணாம்பை வைத்தே சரிசெய்வதுதான் நான் கற்ற தொழில். இத்தாலியில் ஒரு தனியார் பராமரிப்பு நிறுவனத்தில் இருக்கிறேன், அவர்களுக்குப் பொம்பெயில் ஒப்பந்தம் கிடைக்கிற பருவங்களில் அங்கே போய்விடுவேன். சாரத்தில் நின்றுகொண்டு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மாவாகிப்போன சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் காரை வைத்து அழுத்துவது, சுவரின் தலையில் மழைத்தண்ணீர் இறங்காதபடி மூடுவது, கல்லைப் பிளந்துகொண்டு போகிற வேர்களை எடுப்பது, வண்ணப்பூச்சு சுவரை விட்டுக் கழன்று உப்பி நிற்கிற இடத்தில் ஊசி வழியாகச் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி மறுபடி ஒட்டவைப்பது. இவ்வளவுதான். ஆனால் 66 ஹெக்டேர் ஊருக்கு இது முடிகிற வேலை இல்லை.

"ஒரே நாளில் உறைந்துபோன ஊர்" என்று பொம்பெயைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. சுவரை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரிவது வேறு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்த ஊரில் கொத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, ஊர் முழுக்க. 62-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் பாதி ஊர் விழுந்துவிட்டது, பதினேழு வருஷம் கழித்தும் அவர்கள் எழுந்து முடிக்கவில்லை. இடையிடையே சின்னச் சின்ன அதிர்வுகளும் வந்துகொண்டே இருந்திருக்கின்றன, ஒருமுறை சரிசெய்த இடத்தையே மறுபடி சரிசெய்திருக்கிறார்கள். நான் பார்க்கிற பொம்பெய் இதுதான், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த ஊர்.

ஏலம் நடத்தித் தரகு வாங்கிப் பிழைத்த கைக்கிலியுஸ் யுக்குந்துஸ் என்பவருடைய வீட்டுப் பூசை மாடத்தில் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் இருந்தது. அதில் பொதுச்சதுக்கத்து யூப்பிட்டர் கோயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்போகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். அந்த நிலநடுக்கத்தைக் கண்ணால் பார்த்த ஊரில் செய்த சிற்பம். எகிப்திய தெய்வமான இசிஸின் கோயிலின் கதை இன்னொன்று. அது அடியோடு விழுந்து, அஸ்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டப்பட்டது. கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: நுமேரியுஸ் பொப்பிதியுஸ் செல்சினுஸ், வயது 6. அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், அவரால் நகரசபைக்குள் போக முடியாது, அதனால் காசு அப்பாவுடையது, பெயர் பையனுடையது, அந்தக் கொடைக்காகப் பையனை நகரசபையில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நிலநடுக்கம் வந்த பிறகு ஊரில் யார் கை மேலே வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நடு ஊரில் ஒரு பெரிய பொதுக் குளியல்கூடமும் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. அதில் கடைசிவரை யாரும் குளிக்கவில்லை.

புத்தகத்தில் இருக்கிற இந்தச் சங்கதிகளெல்லாம் சுவரில் கை வைக்கும்போது வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பழைய சுவர் என்றால் சார்னோ ஆற்றுப் பக்கத்துச் சுண்ணக்கல், பெரிய பெரிய துண்டுகள், நிதானமாக அடுக்கியது. அதை அளந்தால் உரோம அடியான 29.6 சென்டிமீட்டரில் பொருந்தாது, அதற்கு முன்னால் அங்கே பேசப்பட்ட ஓஸ்கன் மொழிக்காரர்களின் 27.5 சென்டிமீட்டர் அடியில்தான் பொருந்தும். நிலநடுக்கத்துக்குப் பிறகு வைத்த ஒட்டு பார்த்ததுமே தெரியும். மூலைகளில் செங்கல், நடுவில் கையில் கிடைத்ததெல்லாம்: எரிமலை நுரைக்கல், டஃப் கல் (எரிமலைச் சாம்பல் இறுகிய கல்), உடைந்த ஓடு, ஜாடித் துண்டு. ஒரு சுவரில் காரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது உள்ளே கல்லோடு கல்லாகச் சிவப்பாக ஒரு துண்டு தெரிந்தது. விரல் நீளம் இருக்கும், ஒரு முகம் வழவழவென்று தேய்த்து மெருகேற்றியது, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தின் ஓவியப் பூச்சு. அது விழுந்து நொறுங்கியிருக்கிறது, இடிபாட்டை அள்ளிய கொத்தனார் அதையே அடுத்த சுவருக்குள் நிரப்பாகப் போட்டுவிட்டார். அதைப் படம் எடுத்து, அளந்து, பதிவேட்டில் குறித்துவிட்டு, அதே இடத்தில் விட்டுக் காரை வைத்தோம். அவர் வைத்த இடம் அதுதானே.

எங்கள் மேஸ்திரி நேப்பிள்ஸ்காரர், வயதானவர், மூன்று தலைமுறையாகக் கல் வேலை. அவர் ஒரு சுவரைப் பார்த்ததும் "இவன் அவசரத்தில் கட்டியிருக்கிறான், இவனுக்குக் கூலி சரியாகக் கொடுக்கவில்லை" என்பார். கூலி விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இங்கே வா, இந்த வரிசை வரை காரை கெட்டியாக இருக்கிறது, இதற்கு மேலே மணல் கூடிவிட்டது, சுண்ணாம்பு குறைந்துவிட்டது, பார்" என்று ஆணியால் கீறிக் காட்டினார். கீழே ஆணி வழுக்கியது, மேலே பொலபொலவென்று உதிர்ந்தது. கூலி குறைந்ததா, சுண்ணாம்புக்குத் தட்டுப்பாடா என்பதை ஆணியால் சொல்ல முடியாதுதான், ஆனால் நடுவில் கணக்கு மாறியிருக்கிறது என்பது நிச்சயம்.

2023-இல் தொடங்கிய ஒன்பதாம் வட்டார அகழாய்வில் ஒரு வீடு கிடைத்தது, அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கூடவே ரொட்டி அடுப்பு இருந்த வீடு, பீட்சா மாதிரி தட்டையான ரொட்டி ஓவியம் என்று செய்திகளில் வந்ததே, அதே வீடு. வெடிப்பு வந்த அன்று அங்கே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. டஃப் கற்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருக்கின்றன, காரை கிளறுகிற இரும்பு மண்வெட்டி இருக்கிறது, ஈயத்தில் தூக்குக்குண்டு இருக்கிறது, சுவரில் கரிக்கட்டையால் எண்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், இறக்கிய சாமான்களின் கணக்காகத்தான் இருக்க வேண்டும். பூச்சு வேலைக்கான சுண்ணாம்பை நீற்றுவதற்கு, அதாவது தண்ணீர் விட்டுக் குழைப்பதற்கு, உடைந்த ஜாடிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு குவியல், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல், அப்படியே எரிமலைச் சாம்பலோடு உலர்ந்தபடி கலந்து குவித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும். முதலில் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, குழைந்த பிறகு மணலோ சாம்பலோ கலப்பதுதான் உரோமர் முறை என்று ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள், உரோமக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ரூவியஸ் எழுதி வைத்ததும் அப்படித்தான். ஆனால் உரோமச் சுவர்களை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் கலக்காத சோம்பேறி வேலை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கிற அட்மிர் மாசிச் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் திருப்பிப் போட்டது. சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கலந்து தண்ணீர் விட்டால் கலவை உலைநீர் மாதிரி கொதிக்கும், அந்தச் சூட்டில்தான் இந்தக் கட்டிகள் உருவாகின்றன. பின்னால் சுவரில் விரிசல் விட்டு அதில் தண்ணீர் இறங்கும்போது, கட்டியில் இருக்கிற சுண்ணம் கரைந்துவந்து விரிசலுக்குள் திரும்பக் கல்லாக இறுகி அதை அடைத்துவிடுகிறது. சோம்பேறி வேலை என்று நினைத்த கட்டிதான் சுவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்குக் கண்ணால் பார்க்கிற ஆதாரமாகப் பொம்பெயில் அந்தக் குவியல் கிடைத்தது, தண்ணீருக்காகக் காத்திருந்தபடி.

வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டால் பெயர் கிடைப்பது அபூர்வம். சிலருக்குக் கிடைத்திருக்கிறது. தியோகெனெஸ் என்ற கொத்தனார் டஃப் கல்லில் தன் பெயரையும், கூடவே தன் கருவிகளையும் செதுக்கிச் சுவரில் பதித்திருக்கிறார். தூக்குக்குண்டு, கரண்டி, உளி என்று எல்லாம் நாம் இன்று பையில் போட்டுக்கொண்டு போகிறவைதான், நடுவில் கண்ணேறு கழிக்க ஓர் ஆண்குறியும் உண்டு, அந்த ஊரில் அது கடைவாசல் முதல் தெருமுனை வரை காணக்கூடிய சங்கதி. சுவர்களில் விளம்பரமும் தேர்தல் ஆதரவு வாசகங்களும் எழுதுகிற எமிலியுஸ் செலர் என்பவர் ஒரு கிளாடியேட்டர் காட்சி அறிவிப்பின் பக்கத்தில் "நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன்" என்று தன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வழக்கமாக இந்த வேலைக்கு விளக்குப் பிடிக்க ஓர் ஆள், ஏணி பிடிக்க ஓர் ஆள், சுவருக்கு வெள்ளையடிக்க ஓர் ஆள் என்று கூட்டமாகப் போவார்கள். அன்றைக்கு அவர் ஒண்டியாக முடித்திருக்கிறார், அதை நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஓவியர்கள் விட்டுப்போன வீடும் ஒன்று இருக்கிறது, பெயரே "வேலையில் இருக்கும் ஓவியர்களின் வீடு" என்றுதான் வைத்திருக்கிறார்கள். சுவரின் மேற்பகுதி முடிந்துவிட்டது, நடுக்கட்டத்தில் மஞ்சள் காவியில் போட்ட கோட்டுருவம் மட்டும் நிற்கிறது, வண்ணக் கிண்ணங்கள் தரையில். ஈரப் பூச்சில் வரைகிற வேலை அது, பூச்சு காய்வதற்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒரு கட்டத்துக்கான பூச்சைப் போட்டுவிட்டு, அது காய்வதற்குள் ஓடியிருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் மலக்குழிகளைத் தோண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள், அள்ளிய குவியல் அப்படியே ஓரத்தில். ஓவியம் எல்லோருக்கும் காட்டப்படுகிறது, மலக்குழியைப் பற்றி வழிகாட்டிகள் பேசமாட்டார்கள். அதில் இறங்கியவரும் அன்று வேலைக்கு வந்தவர்தான். இவர்களில் எத்தனையோ பேர் அடிமைகள், கூலியே கிடையாது. ஊர் மதிலுக்கு வெளியே சிவிதா ஜூலியானா என்ற இடத்தில் 2021-இல் அடிமைகள் தங்கிய ஓர் அறை கிடைத்தது. 16 சதுர மீட்டர், மூன்று கட்டில், அதில் ஒன்று குழந்தை அளவு, மூலையில் ஜாடிகள், சிறுநீர்ப் பானை, உயரத்தில் ஒரு சின்ன சன்னல். அலங்காரப் பூச்சு கிடையாது. ஊரெல்லாம் சிவப்பும் மஞ்சளும் பூசியவர்கள் இப்படிப்பட்ட அறைகளுக்குத்தான் திரும்பிப் போனார்கள்.

தெருவுக்கும் இதே கதைதான். வண்டிச் சக்கரம் கருங்கல்லில் ஆழமாகத் தடம் போட்டிருப்பதை எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்தத் தடத்தைச் சரிசெய்ய முழுக் கல்லையும் பெயர்த்து மாற்றுவது செலவு, தெருவை மாதக்கணக்கில் அடைக்க வேண்டும். அதனால் இரும்பை உருக்கிப் பள்ளத்திலும் விரிசலிலும் ஊற்றியிருக்கிறார்கள். 2019-இல் தொல்லியலாளர் எரிக் போலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் இரும்புத் துளியோ துருக்கறையோ பதிவாகியிருக்கிறது. அதைப் படித்த பிறகு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பேன், உண்மையிலேயே இருக்கிறது, கல்லின் ஓரத்தில் காசு அளவுக்குத் துருப்பிடித்த சொட்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற குழம்பைத் தெருவில் தூக்கிக்கொண்டு வந்தபோது சிந்தியது. தூக்கி வந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் மேலே சொன்ன அறை ஞாபகம் வரும்.

தண்ணீர் வேலையும் பாதியில்தான் நின்றது. ஊர் மதிலின் வெசுவியஸ் வாசலில் இருந்த பிரிப்புத் தொட்டியிலிருந்து ஈயக்குழாய் வழியாக, தூண்மேல் வைத்த தொட்டிகளுக்கும், அங்கிருந்து தெருமுனைத் தொட்டிகளுக்கும் தண்ணீர் போனது. 79-இல் நடைபாதைகளைத் தோண்டிக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தெருமுனைத் தொட்டிகளில் தண்ணீர் விழுகிற கல்லின் பக்கத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருக்கும். குனிந்து குடிப்பவர்கள் கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்தது. நானும் அங்கே கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளங்கை சரியாக உட்காரும்.

இப்போது எங்கள் பங்குக்கு வருகிறேன். பொம்பெயைச் சாம்பல் புதைத்தது ஒரு வகையில் பாதுகாப்பு, 1748-இல் தோண்ட ஆரம்பித்ததும் அதன் இரண்டாவது அழிவு தொடங்கியது. கூரை இல்லாத சுவர் மழைக்கு நிற்காது. 1943-இல் நேசநாட்டுப் படைகளின் குண்டு வேறு விழுந்தது. போருக்குப் பிறகு அவசர அவசரமாகச் சிமெண்டும் இரும்புக் கம்பியும் கான்கிரீட் கூரையும் போட்டார்கள், அந்தக் காலத்தில் அதுதான் நவீனம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிமெண்ட் மூச்சு விடாது. சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பழைய கல்லின் பக்கமாகத் திரும்பும், கூடவே சிமெண்டில் இருக்கிற உப்பும் போகும், காய்ந்ததும் உப்பு பூத்து ஓவியப் பூச்சை உள்ளிருந்து தள்ளிவிடும். கம்பி துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். 2010 நவம்பர் 6-ஆம் தேதி காலையில் ஆயுதக்கூடம் என்று சொல்லப்படுகிற ‘ஸ்கோலா ஆர்மதுராரும்’ என்ற கட்டடம் மொத்தமாகச் சரிந்தது, குண்டுவீச்சுக்குப் பிறகு கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய அதே கட்டடம், மழைக்கு நடுவில். உலகம் முழுக்கச் செய்தியானது. அதற்கப்புறம்தான் 105 மில்லியன் யூரோவில் பெரிய பொம்பெய்த் திட்டம் வந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், தேடிப் போகாமலேயே பெரிய பெரிய கண்டுபிடிப்புகள் வந்தன. தோண்டாத பகுதி, தோண்டிய தெருவைவிட உயரத்தில் நிற்கிறது. அந்த மண்மேடு மழையில் ஊறிப் பழைய சுவர்களை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த மேட்டைச் சரிவாக வெட்டி, வடிகால் போட்டார்கள். சரிவு வெட்டுகிற வேலைதான் அது, அதில்தான் ஐந்தாம் வட்டாரத்தில் சுடுசோற்றுக் கடை வெளியே வந்தது. வாத்தும் சேவலும் வரைந்த கல்லாமேடை, அதில் பதித்த ஜாடிகளில் வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை, மது ஜாடியின் அடியில் இடித்த அவரை. அதே வட்டாரத்தில் வேலை நடந்துகொண்டிருந்த இன்னொரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு தேதியும் கிடைத்தது, அக்டோபர் 17. ஆகஸ்டில் வெடித்தது என்று பல தலைமுறையாகச் சொல்லிவந்ததை மறுபடி யோசிக்க வைத்த கிறுக்கல். கரி எழுத்து ரொம்ப நாள் நிற்காது, கைபட்டாலே போய்விடும். பூச்சு போடுவதற்கு முன் எவரோ கிறுக்கியது. வேலை முடிந்திருந்தால் அதன் மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கும், நமக்குத் தெரிந்தே இருக்காது.

"மிச்சத்தை எப்போது தோண்டுவீர்கள்" என்று பார்க்க வருகிறவர்கள் சாரத்துக்குக் கீழே நின்று கேட்பார்கள். ஊரில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 22 ஹெக்டேர், இன்னும் மண்ணுக்குள். அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. திறந்து வைத்திருப்பதையே நாம் முழுசாகக் காப்பாற்றவில்லை. ஓவியத்தைத் திறக்கிற அன்றே அதற்குக் கூரை, வடிகால், வருஷா வருஷம் வந்து பார்க்க ஆள் எல்லாம் ஏற்பாடாகியிருக்க வேண்டும். தோண்டாத இடங்களில் புல் மண்டாமல் இருக்க இப்போது செம்மறி ஆடுகளை மேயவிடுகிறார்கள், சுமார் 150 ஆடுகள். அது நல்ல யோசனை, மருந்து தெளிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். சுவரில் முளைக்கிற அத்தியையும் கேப்பர் செடியையும் ஆடு எட்டாது, அதற்கு ஆள்தான் ஏற வேண்டும். வேரைப் பிடித்து இழுத்தால் சுவரும் கூடவே வரும், வெட்டிக் காயவிட்டு, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த ஓட்டையில் காரை வைத்து, அடுத்த வருஷம் திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று சில இளைஞர்கள் எழுதிக் கேட்கிறார்கள், கட்டடக்கலை படித்தவர்கள், வரலாறு படித்தவர்கள். வாருங்கள், ஆட்கள் தேவை. லத்தீன் அப்புறம் கற்றுக்கொள்ளலாம், இத்தாலியனும் வேலையிலேயே வந்துவிடும். முதலில் சுண்ணாம்பில் கை வையுங்கள். தமிழ்நாட்டில் பழைய கோயில்களிலும் வீடுகளிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு பருவமாவது சித்தாளாக நில்லுங்கள். சுண்ணாம்பு நீறும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், கலவை கரண்டியில் எப்படி நிற்க வேண்டும், எந்தக் காரை எத்தனை நாள் ஈரச்சாக்கு போர்த்திக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் வரும். ஒரு கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், சுட்ட சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும்.